அயர்லாந்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள், யார் காதில் விழுகிறது? (விவாத இழை)

லிஃபிக்கரை வாசுகி (டப்ளின்)

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் குழுவில் வாடகை, விசா, வரி என்று எத்தனையோ இழைகள் ஓடிவிட்டன. நியாயமும் ஆரோக்கியமும் அன்பும் உள்ள அயர்லாந்து என்றால் இங்கே வளர்கிற பிள்ளைகளுக்கு என்ன, அவர்கள் இந்த நாட்டிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று மட்டும் நாம் பேசியதே இல்லை. அதற்குத்தான் இந்த இழை.

என் மகள் நான்காம் வகுப்பு. "நீ டீஷக் ஆனால் முதலில் எதை மாற்றுவாய்?" என்று டீச்சர் எல்லோரையும் எழுதச் சொல்லியிருக்கிறார். (டீஷக் என்பவர் இங்கே பிரதமர். ஊரிலிருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.) தாள்களை வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பெற்றோர் சந்திப்புக்குப் போனபோது ஒவ்வொன்றாக நின்று படித்தேன். பாதித் தாள்களில் வீடுதான். "கால்வாய் ஓரம் யாரும் கூடாரத்தில் தூங்கக் கூடாது." "எங்கள் சித்தி ஹோட்டல் ரூமில் இருக்கிறார், அவருக்குச் சமையலறை வேண்டும்." ஒருத்தி, தாத்தாவை ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார வைத்தார்கள், கட்டில் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். ஒரு பையன் வீல்சேரோடு ஏறக்கூடிய ஊஞ்சல் ஒன்றை வரைந்து, பலகையின் நீள அகலம்கூடக் குறித்திருந்தான்.

எல்லாமே நியாயமான கோரிக்கைகள். பெரியவர்கள் செய்து கொடுக்கக்கூடியவை.

காகிதத்தில் பார்த்தால் பிள்ளைகள் பேச்சைக் கேட்பதில் அயர்லாந்து முன்னால் நிற்கிறது. ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை 1992இல் ஏற்றார்கள். சிறுவர்களுக்கான ஓம்பட்ஸ்மன் (புகார்களை விசாரிக்கும் அதிகாரி) அலுவலகம் 2004இல் வந்தது. நவம்பர் 2012இல் குழந்தை உரிமையை அரசியல் சட்டத்தில் சேர்க்கலாமா என்று மக்கள் வாக்கெடுப்பு நடந்து 58 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். வழக்கெல்லாம் முடிந்து 2015இல்தான் அது 42அ என்ற பிரிவாகச் சேர்ந்தது. 31 உள்ளாட்சி மன்றங்களிலும் கோர்லே ந நோக் என்ற இளையோர் மன்றம் இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் அந்தச் சுவரில் ஏன் அத்தனை வீடுகள்? உங்கள் பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள், அதில் எது நடந்திருக்கிறது, எது நடக்கவில்லை? பார்த்ததை எழுதுங்கள்.

குமரன் (டப்ளின் 15)

நல்ல இழை. ஆனால் எனக்கு நம்பிக்கை குறைவு, வாசுகி. நேராகவே சொல்கிறேன். அவசரத் தங்குமிடங்களில் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையை அரசாங்கமே மாதாமாதம் வெளியிடுகிறது. 2014 முடியும்போது அது ஆயிரத்தைத் தொட்டிருக்கவில்லை. 2025இல் ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டது. இந்தப் பத்துப் பதினொரு வருடத்தில்தான் அரசியல் சட்டப் பிரிவு வந்தது, பிள்ளைகள் பங்கேற்புக்கு என்று தனிக் கொள்கை வந்தது, மாநாடுகள், வண்ணப் புத்தகங்கள் எல்லாம் வந்தன. கேட்பது கூடக் கூட வீடில்லாத பிள்ளைகளும் கூடியிருக்கிறார்கள்.

பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்து, கலர் பென்சில் கொடுத்து, மந்திரியோடு போட்டோ எடுத்து அனுப்பிவிட்டால் போதுமா? அந்தப் பிள்ளை அன்று மாலை திரும்பிப் போவது ஹோட்டல் ரூமுக்கு.

செல்வம் (கார்க்)

குமரன் சொன்ன எண்ணிக்கை சரி. ஆனால் கேட்டதால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2017 வாக்கில் வீடில்லாத குடும்பங்களைச் சேர்த்துத் தங்க வைக்க "ஃபேமிலி ஹப்" என்று ஆரம்பித்தார்கள். ஹோட்டலை விட நல்லது என்றுதான் எல்லோரும் பேசினார்கள், செய்தித்தாள்களிலும் அப்படித்தான் வந்தது. ஓம்பட்ஸ்மன் அலுவலகத்துக்காரர்கள் ஹப்களுக்கே போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசி, 2019இல் ஓர் அறிக்கை போட்டார்கள். சிநேகிதர்களைக் கூட்டி வர முடியாது, நடைபாதையில் ஓட முடியாது, அம்மா கூட இல்லாமல் எங்கும் நிற்க முடியாது, படிக்க இடமில்லை, சத்தம் போடக் கூடாது. சில பிள்ளைகள் அதைச் சிறை என்றே சொன்னார்கள். பத்து வயதுப் பிள்ளை வாயிலிருந்து அந்தச் சொல் வந்த பிறகு, ஹப் ஒரு தீர்வு என்று பழையபடி யாராலும் மேடையில் பேச முடியவில்லை.

இன்னொன்று. டிராவலர் சமூகத்துப் பிள்ளைகள். நம் ஆட்களில் பலருக்கு இவர்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் வேலையிடத்தில் யாரோ சொன்ன கெட்ட வார்த்தைதான். தயவுசெய்து அதை நம்பி இருந்துவிடாதீர்கள். தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில் ஊர் ஊராக நகர்ந்து வாழ்ந்த மக்கள். மார்ச் 2017இல்தான் டாயில் என்ற நாடாளுமன்றக் கீழ்ச்சபையில் அவர்களைத் தனி இனக்குழுவாக அங்கீகரித்தார்கள். 2021இல் டிராவலர் குடும்பங்கள் கேரவனில் தங்கும் ஒரு ஹால்டிங் சைட்டைப் பற்றி அதே ஓம்பட்ஸ்மன் விசாரணை அறிக்கை வந்தது. 40 பேருக்கென்று கட்டிய கழிப்பறை, குளியலறையை 140 பேர் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அதில் 66 பேர் பிள்ளைகள். எலி, குப்பை, பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் செருப்பெல்லாம் சேறு. அந்தப் பிள்ளைகளே வாய்விட்டுச் சொன்னவை இவை. அங்கே ஒரு பிள்ளை "நியாயமான அயர்லாந்து" என்று எழுதினால் அதற்கு அர்த்தம் வெந்நீர், வெளிச்சம், ஓடி விளையாட ஒரு காய்ந்த தரை.

அதே சமூகத்தில் கைக்குழந்தைகள் இறக்கும் விகிதம் நாட்டின் பொது விகிதத்தைப் போல மூன்றரை மடங்கு என்று 2010இல் வந்த சுகாதார ஆய்வு சொன்னது. நியாயத்தையும் ஆரோக்கியத்தையும் இங்கே தனித்தனியாகப் பேச முடியாது.

ஸ்டெல்லா (லிமரிக்)

நைட் டியூட்டி முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். ஆரோக்கியம் என்று செல்வம் தம்பி எழுதியதைப் பார்த்ததும் பதில் போடாமல் இருக்க முடியவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2015இல் ஆறு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் ஜிபி என்ற குடும்ப டாக்டர் இலவசம் ஆனது. 2023இல் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். காய்ச்சலோடு இருக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, டாக்டர் ஃபீஸுக்கு என்ன செய்வது என்று ஒரு தாய் யோசிக்க வேண்டியதில்லை என்பது சின்ன விஷயம் இல்லை. 2004இல் உலகத்திலேயே முதல் நாடாக வேலையிடங்களில், பப்களில் புகைப்பதை முழுசாகத் தடை செய்தது இந்த நாடுதான். அதன் பலன் இன்றைய பிள்ளைகளின் நுரையீரலில் இருக்கிறது. பதினெட்டுக்குக் கீழே வேப் விற்கக் கூடாது என்ற சட்டம் 2023 கடைசியில் வந்தது. இன்னும் முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. பள்ளிப் பையில் கலர் கலராக அதைப் பார்த்த தாய்மார்களுக்குத் தெரியும்.

இப்போது கஷ்டமான பக்கம். ஊனத்துக்கான சட்டம் 2005இல் வந்தது. ஒரு பிள்ளைக்கு ஆட்டிசமோ வேறு வளர்ச்சிக் குறையோ இருக்கலாம் என்று பெற்றோர் விண்ணப்பித்தால் மூன்று மாதத்துக்குள் மதிப்பீட்டை ஆரம்பிக்க வேண்டும், அடுத்த மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும். "அசெஸ்மென்ட் ஆஃப் நீட்" என்பது இதுதான். கெடு தாண்டிக் காத்திருக்கும் விண்ணப்பங்கள் 2025இல் பதினைந்தாயிரத்துக்கும் மேல். சட்டத்தை அரசாங்கமே தினமும் மீறுகிறது என்று அர்த்தம்.

அந்த வருடம் மே மாதம் டிப்பரேரியைச் சேர்ந்த 14 வயதுப் பெண் டாயில் வாசலில் 50 மணி நேரம் உட்கார்ந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? அவளுடைய இரண்டு தம்பிகளுக்கும் ஆட்டிசம். தம்பிகளுக்காக மட்டும் என்று அவள் வரவில்லை, வரிசையில் நிற்கும் எல்லாப் பிள்ளைகளுக்காகவும் பேசினாள். நான் டிவியில் பார்த்துவிட்டு அழுதேன். பரீட்சை, சினிமா, சிநேகிதி என்று இருக்க வேண்டிய வயதில் சட்டப் பிரிவுகளை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு ஒரு பிள்ளை ரோட்டில் தூங்குகிறது. அவள் தைரியத்தை எல்லோரும் புகழ்ந்தார்கள். புகழ்ந்தவர்களில் பலர் கையில்தான் அதிகாரமும் இருந்தது.

மனநலம் பற்றி எழுதினால் விடிந்துவிடும். பிள்ளைகளுக்கான மனநலச் சேவையை இங்கே கேம்ஸ் என்போம். தெற்குக் கெரியில் அந்தச் சேவையைப் பற்றி 2022 ஜனவரியில் வந்த அறிக்கையை ஒரு தடவையாவது படியுங்கள். 240 பிள்ளைகளுக்குத் தீங்கு நேரும் அபாயம் இருந்தது, 46 பேருக்குக் கணிசமான தீங்கே நேர்ந்துவிட்டது. தேவையில்லாத மருந்து, அதிக டோஸ், மேற்பார்வை இல்லாமை. இதையெல்லாம் பார்த்த பிறகு ஒரு பதினாலு வயதுப் பையன் "எனக்கு மருந்து வேண்டாம், யாராவது உட்கார்ந்து பேசினால் போதும்" என்று சொன்னால் அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

குமரன் (டப்ளின் 15)

// புகழ்ந்தவர்களில் பலர் கையில்தான் அதிகாரமும் இருந்தது. //

ஸ்டெல்லா அக்கா, நான் சொல்ல வந்ததும் இதேதான். எங்கள் சொந்தக்காரர் வீட்டுப் பையன் இதே மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. வந்ததெல்லாம் "உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" என்ற கடிதம் மட்டும். அதற்குள் பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்திருக்க வேண்டிய வயதே போய்விட்டது. கடைசியில் கடன் வாங்கித் தனியாரிடம் போனார்கள். கடன் வாங்க முடியாதவர்கள்?

பழனிவேல் (ஓய்வு பெற்ற ஆசிரியர், இப்போது கால்வே)

அன்பர்களே, நான் திருநெல்வேலிப் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியவன். மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் அழைத்து வருவதும் என் வேலை. வாசலில் மற்ற தாத்தா பாட்டிகளோடு பேசுவதால் இந்த ஊர்ப் பழங்கதைகள் கொஞ்சம் தெரியும்.

இந்த நாடு பிள்ளைகளிடம் ஏன் இவ்வளவு கருத்துக் கேட்கிறது என்று யோசித்தால் அவர்களுடைய வரலாற்றைப் பார்க்காமல் முடியாது. என் வயதுக்காரர் ஒருவர் வகுப்பில் தோல்வாரால் அடி வாங்கிய உள்ளங்கையை விரித்துக் காட்டினார். இங்கே பள்ளிகளில் அடிப்பதை நிறுத்தியது 1982இல். வீட்டிலும் அடிக்கக் கூடாது என்று சட்டம் முழுமையானது 2015இல். மடங்களும் திருச்சபை அமைப்புகளும் நடத்திய விடுதிப் பள்ளிகளில் பல பத்தாண்டுகள் பிள்ளைகள் பட்ட கொடுமையை 2009இல் ரையன் அறிக்கை ஊரறியச் சொன்னது. நான் இருக்கும் இதே கால்வே மாவட்டத்தில், டூம் என்ற ஊரில் 1925 முதல் 1961 வரை மணமாகாத தாய்மாருக்கான இல்லம் ஒன்று இருந்தது. அங்கே இறந்துபோன 796 பிள்ளைகளின் பெயர்களை உள்ளூர் வரலாற்று ஆர்வலர் கேத்தரின் கார்லஸ் என்ற அம்மையார் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார். அடக்கம் செய்த பதிவு இல்லாத பிள்ளைகள். ஒவ்வோர் இறப்புச் சான்றிதழையும் அவர் தன் பணம் கட்டி வாங்கினார். பூமியைத் தோண்டி எடுக்கும் வேலை 2025 ஜூலையில்தான் தொடங்கியது. அந்தப் பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை. ஆகவே, கேட்கிறார்கள் என்பதையே வெறும் சடங்கு என்று தள்ள எனக்கு மனமில்லை, குமரன் தம்பி.

இன்னொரு விஷயம் சாப்பாடு. பேரன் பள்ளியில் மத்தியானம் சூடாகச் சாப்பாடு தருகிறார்கள். 2019இல் 37 பள்ளிகளில் சோதனையாகத் தொடங்கியதை இப்போது எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும் திறந்துவிட்டிருக்கிறார்கள். நம் ஊரில் 1982இல் சத்துணவுத் திட்டம் விரிந்தபோது நான் இளம் ஆசிரியன். தட்டோடு வரிசையில் நின்று சாப்பிட்ட பிள்ளை பகல் இரண்டு மணிக்கு எப்படிப் பாடம் கேட்கும், பசியோடு இருக்கும் பிள்ளை எப்படிக் கேட்கும் என்று கண்ணால் பார்த்தவன். பணக்காரப் பிள்ளை, ஏழைப் பிள்ளை என்று பிரிக்காமல் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு என்பதில் ஒரு கௌரவம் இருக்கிறது. இங்கே குறையும் உண்டு. பள்ளியில் சமையலறை இல்லை. வெளியிலிருந்து பெட்டியில் அடைத்து வருகிறது. காய்கறியைப் பிள்ளைகள் அப்படியே மூடி வைத்துவிடுகிறார்கள். பேரனிடம் கேட்டால் "பள்ளிக்கூடத்திலேயே சமைத்தால் வாசனை வரும் தாத்தா, அப்போது சாப்பிடுவோம்" என்கிறான். இந்த ஒரு யோசனையை அதிகாரிகள் கேட்டாலே பாதிச் சாப்பாடு குப்பைக்குப் போகாது.

செல்வம் (கார்க்)

பழனிவேல் ஐயா, உங்கள் பேரனைக் கோர்லே ந நோக்கில் சேர்த்துவிடுங்கள்.

அனு (பிரே)

வாசுகி அக்கா, நியாயம், ஆரோக்கியம் என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். அன்பு பற்றி நான் எழுதுகிறேன், அது எங்கள் ஊரில் நடந்தது.

2018 அக்டோபர். பிரே தொடக்கப் பள்ளியில் ஒன்பது வயதுப் பையன். பிறந்தது அயர்லாந்தில், வேறு நாட்டைப் பார்த்ததே இல்லை. அம்மா சீனாவிலிருந்து வந்தவர். அவர்களை நாடு கடத்தப் போகிறார்கள் என்று தெரிந்தது. ஒரு வகுப்பே எழுந்து நின்றது. அவன் எங்கள் சிநேகிதன், அவன் ஊர் இதுதான் என்று பிள்ளைகள் எழுதினார்கள். ஆசிரியர்கள் கையெழுத்து இயக்கம் தொடங்கினார்கள். சில நாட்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேல் கையெழுத்து. அவன் இங்கேயே இருக்க வழி பிறந்தது.

சட்டம் எப்படி அப்படி ஆனது என்று நம்மில் பலருக்குத் தெரியாது. 2004 ஜூன் வாக்கெடுப்பு வரைக்கும் இந்தத் தீவில் பிறந்த எல்லாப் பிள்ளைகளும் குடிமக்கள். 79 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டு அதை மாற்றினார்கள். 2005 ஜனவரி முதல், பெற்றோரின் குடியுரிமை அல்லது வசித்த காலத்தைப் பார்த்துத்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. இங்கேயே பிறந்து, கேல்கா (ஐரிஷ் மொழி) பாட்டுப் பாடி, கமோகி என்ற ஐரிஷ் மட்டை விளையாட்டு ஆடி வளர்கிற பிள்ளை "நீ ஐரிஷ் இல்லை" என்று ஒரு காகிதத்தில் படிக்கிறது. 2023இல் ஒரு திருத்தம் வந்தது. இங்கே பிறந்த பிள்ளை குடியுரிமைக்கு விண்ணப்பிக்க ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும் என்பது மூன்றாகக் குறைந்தது. பிரேயில் நடந்ததும் அதற்கு ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

அப்புறம் 2025 கோடைக்காலம். டாலாவில் ஜூலையில் ஓர் இந்தியரை அடித்துப் போட்டார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் வாட்டர்ஃபர்டில் கேரளக் குடும்பத்துப் பெண் குழந்தை, ஆறு வயது, வீட்டு வாசலில் விளையாடிக்கொண்டிருந்தபோது அடி வாங்கினாள். அடித்தவர்களும் சின்னப் பையன்கள்தான் என்று செய்தி வந்தது. அந்த வாரம் என் மகன் பார்க்குக்குப் போக மாட்டேன் என்றான். பக்கத்து வீட்டு ஐரிஷ் பையன், அவனுக்குப் பதினோரு வயது இருக்கும், கதவைத் தட்டி "நான் கூட வருகிறேன், ரெண்டு பேரும் சேர்ந்து போகலாம்" என்று சொல்லிக் கூட்டிப் போனான். யாரும் அவனிடம் சொல்லி அனுப்பவில்லை, அவன் அம்மாவே பிறகுதான் தெரிந்துகொண்டார்.

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குள் இரண்டும் இருக்கிறது. எதற்கு நாம் தண்ணீர் ஊற்றுகிறோம் என்பதுதான் என் கவலை. வெறுப்பு வீடியோக்கள் பன்னிரண்டு வயதுப் பிள்ளை கையில் போய்ச் சேர்கிறது. பக்கத்து ஊர் கிரேஸ்டோன்ஸில் 2023இல் தொடக்கப் பள்ளிப் பெற்றோர் சங்கங்கள் சேர்ந்து, ஹைஸ்கூல் போகும்வரை ஸ்மார்ட்ஃபோன் வாங்கிக் கொடுப்பதில்லை என்று பேசி வைத்துக்கொண்டார்கள். ஒரு வீடு மட்டும் செய்தால் பிள்ளை தனியாகிவிடும், ஊரே செய்ததால் நடந்தது.

நிலானி (டப்ளின், கல்லூரி முதலாண்டு)

நான் இந்தக் குழுவில் எழுதுவது இதுதான் முதல் தடவை. ஆறு வயதில் சேலத்திலிருந்து வந்தேன். ஹைஸ்கூல் படிக்கும்போது கோர்லே ந நோக்கில் உறுப்பினராக இருந்தேன், அதனால் உள்ளேயிருந்து சொல்கிறேன்.

குமரன் அங்கிள், நீங்கள் சொன்ன கலர் பென்சில் கூட்டங்கள் உண்மைதான். நானே அப்படிச் சிலவற்றில் உட்கார்ந்திருக்கிறேன். அதிகாரி வருவார், சிரிப்பார், "எவ்வளவு புத்திசாலிகள்" என்பார், போய்விடுவார். ஆனால் அதை அளக்க எங்களுக்கு ஓர் அளவுகோல் கொடுத்திருந்தார்கள். பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரா லண்டி 2007இல் எழுதியது. இந்த நாட்டு அரசின் 2015 பங்கேற்புக் கொள்கையே அதன்மீதுதான் நிற்கிறது. பிள்ளைக்குப் பயமில்லாமல் பேச ஓர் இடம், பேச உதவி, கேட்க வேண்டிய ஆள் எதிரில் இருப்பது, கடைசியாகச் சொன்னதற்கு விளைவு. முதல் மூன்று நடந்து நாலாவது நடக்காவிட்டால் அது பங்கேற்பே இல்லை. ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் நாங்கள் கேட்போம்: "நாங்கள் சொன்னதில் எதைச் செய்யப் போகிறீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், ஏன், எப்போது வந்து சொல்வீர்கள்?" நாலாவது கேள்விக்குத்தான் அவர்கள் முகம் மாறும். அதனால்தான் அதை விடாமல் கேட்போம்.

நடந்த ஒன்று சொல்கிறேன். எங்கள் பகுதிப் பள்ளி வாசலில் கார்கள் நடைபாதை மேலேயே நிற்கும். தங்கச்சி வயதுப் பிள்ளைகள் ரோட்டில் இறங்கி நடக்க வேண்டும். நாங்கள் காலை எட்டரைக்கு நின்று போட்டோ எடுத்து, எந்த இடத்தில் எத்தனை கார் என்று வரைபடம் போட்டுக் கவுன்சில் இன்ஜினியர் முன்னால் வைத்தோம். 2021இல் ஆரம்பித்த பாதுகாப்பான பள்ளிப் பாதைத் திட்டம் அப்போது நடந்துகொண்டிருந்தது. அதில் எங்கள் பள்ளியும் வந்தது. பெரிய கலர் பென்சில் மாதிரிக் கம்பங்கள் நட்டார்கள், நீங்களும் நிறையப் பள்ளி வாசல்களில் பார்த்திருப்பீர்கள். இப்போது அங்கே பிள்ளைகள் கும்பலாக நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். முன்னால் நிற்க இடமே கிடையாது.

நடக்காததும் சொல்கிறேன். 2019 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் பள்ளியை விட்டுப் பருவநிலைக்காக ரோட்டுக்கு வந்தார்கள். மே மாதம் டாயில் பருவநிலை அவசர நிலை அறிவித்தது. நவம்பரில் டாயில் இருக்கைகளிலேயே 157 இளையோரை உட்கார வைத்துப் பேசச் சொன்னார்கள். 2022இல் பல்லுயிர் இழப்பு பற்றிச் சிறுவர் பேரவை ஒன்று கூட்டினார்கள். 7 முதல் 17 வயது வரை 35 பேர், 58 கோரிக்கைகள்.  ஏழு வயதுப் பிள்ளைகள் காட்டுக்குள் நடந்து, மண்ணைத் தொட்டுப் பார்த்து, நிபுணர்களைக் கேள்வி கேட்டு எழுதியவை அவை. அந்த 58இல் எதெல்லாம் நிறைவேறியது என்று ஒரு பக்கத்தில், பிள்ளைகளுக்குப் புரிகிற மொழியில், வருடா வருடம் சொல்ல வேண்டும். எங்கள் தலைமுறை முதலில் கேட்பது அதைத்தான்.

பதினாறு வயதில் ஓட்டுரிமை வேண்டும் என்பதும் என் கருத்து. 2013இலேயே அரசியல் சட்ட மாநாடு அதைப் பரிந்துரைத்தது. ஆஸ்திரியாவிலும் மால்டாவிலும் இருக்கிறது. இங்கே அந்தக் கேள்வியை மக்கள் முன்னால் வைக்கவே இல்லை. வீட்டு வாடகையும் பஸ்ஸும் கேம்ஸும் எங்களை நேராகத் தொடுகிறது, ஆனால் ஓட்டுக் கேட்டு வருபவர்கள் கதவைத் திறந்ததும் "அம்மா இருக்காங்களா?" என்கிறார்கள்.

குமரன் (டப்ளின் 15)

நிலானி, தெளிவாக எழுதியிருக்கிறாய்ம்மா. அந்த நாலு கேள்வியை எழுதி வைத்துக்கொண்டேன், பள்ளிப் பெற்றோர் சங்கத்தில் நானும் கேட்பேன்.

ஆனால் என் வாதத்தை விடவில்லை. பென்சில் கம்பம் நடக் கொஞ்சம் பணமும் ஒரு இன்ஜினியரின் மனசும் போதும். வீடு கட்டப் பெரும் பணம் வேண்டும், நிலம் வேண்டும், வாடகையில் சம்பாதிப்பவர்களைப் பகைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் பேச்சு சின்ன விஷயத்தில் எடுபடுகிறது, பெரிய விஷயத்தில் எடுபடுவதில்லை. மாணவர்கள் போனைப் பூட்டி வைக்கும் பைகளுக்கு 90 லட்சம் யூரோ என்று 2025 பட்ஜெட்டில் ஒதுக்கினார்களே, எந்தப் பிள்ளை கேட்டது அதை? அதே பிள்ளைகள் பேச ஆள் வேண்டும் என்று வருடக்கணக்காகச் சொல்கிறார்கள். புதிய குழந்தைகள் மருத்துவமனைக்கு 220 கோடி யூரோவைத் தாண்டிவிட்டது, திறக்கும் தேதி தள்ளித் தள்ளிப் போனது. பணமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பதினாறில் ஓட்டு எனக்குச் சம்மதம் இல்லை. வீட்டில் பெற்றோர் சொல்கிற கட்சிக்கு இரண்டு ஓட்டு கூடும், அவ்வளவுதான்.

நிலானி (டப்ளின், கல்லூரி முதலாண்டு)

அங்கிள், 2015இல் ஒரு பாலினத் திருமண வாக்கெடுப்பில் பேரன் பேத்திகள் பேசித்தான் பல தாத்தா பாட்டிகள் ஆம் என்று போட்டார்கள். பெற்றோர் சொல்வதைப் பிள்ளைகள் கேட்பது மட்டும் இல்லை, எதிர்ப்பக்கமும் நடக்கும்.

ஸ்டெல்லா (லிமரிக்)

குமரன் சொன்ன பெரியது சின்னது கணக்கு முழுசாகச் சரியில்லை. பள்ளிப் புத்தகங்கள் 2023இல் தொடக்கப் பள்ளிக்கு இலவசம், அடுத்த வருடம் ஜூனியர் சைக்கிளுக்கும் (ஹைஸ்கூலின் முதல் மூன்று வருடம்) வந்தது. பெரிய பணம்தான் அது. புத்தகம் வாங்காமல் வந்து, பக்கத்துப் பிள்ளையோடு பகிர்ந்து படிக்கிற அவமானத்தைப் பிள்ளைகளும் பெற்றோரும் தொண்டு நிறுவனங்களும் விடாமல் சொல்லிச் சொல்லித்தான் வந்தது. ஆகஸ்ட் மாதம் வந்தால் எங்கள் வார்டில் அட்டெண்டர் வேலை செய்யும் தாய்மார் ஓவர்டைம் கேட்டு வரிசையில் நிற்பார்கள். இப்போது அது குறைந்திருக்கிறது. யூனிஃபார்ம் செலவு இன்னும் இருக்கிறது, "விருப்ப நன்கொடை" என்று பள்ளிகள் கேட்பதும் நிற்கவில்லை.

லிஃபிக்கரை வாசுகி (டப்ளின்)

எல்லோருக்கும் நன்றி. படித்துக்கொண்டே குறிப்பு எடுத்தேன். பழனிவேல் ஐயா எழுதிய 796 பெயர்களில் நெடுநேரம் நின்றுவிட்டேன்.

கையோடு ஒரு வேலை இருக்கிறது. பள்ளிகளில் கேலி, துன்புறுத்தல் பற்றிய புதிய நடைமுறை "பீ கினால்டா" 2025 செப்டம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. ஒவ்வொரு பள்ளியும் தன் கொள்கையை எழுதும்போது மாணவர்களையும் பெற்றோரையும் கேட்டே ஆக வேண்டும். இனத்தை, நிறத்தைச் சொல்லிக் கேலி செய்வதையும் அதில் தெளிவாகச் சேர்த்திருக்கிறார்கள். நம் பள்ளிகள் அந்தக் கொள்கையைத் திரும்பப் பார்க்கும்போது நம் வீட்டுப் பிள்ளைகள் பேசியிருக்க வேண்டும். சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் மூக்கைப் பிடிப்பது, பெயரை வேண்டுமென்றே கோணலாகக் கூப்பிடுவது, இதெல்லாம் சின்னது என்று பிள்ளைகள் வீட்டில் சொல்வதில்லை. அதை எழுத அவர்களுக்குத்தான் தெரியும். டிராவலர் பிள்ளைகளுக்கு நம் பிள்ளைகள் செய்யும் கேலியும் அதே தாளில் வர வேண்டும், அதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

நிலானி, கோர்லேயில் எப்படிச் சேருவது என்று ஒரு வரி எழுது.

நிலானி (டப்ளின், கல்லூரி முதலாண்டு)

12 முதல் 17 வயது வரை சேரலாம். உங்கள் கவுன்சில் இணையப் பக்கத்தில் பொறுப்பாளர் விவரம் இருக்கும். பள்ளி வழியாகவும் யூத் கிளப் வழியாகவும் பெயர் கொடுக்கலாம். செப்டம்பர் வந்ததும் கேட்டு வையுங்கள், ஆண்டுக் கூட்டம் பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் வரும். அதில்தான் அந்த வருடத்துக்கு எந்தப் பிரச்சினையை எடுப்பது என்று பிள்ளைகள் ஓட்டுப் போடுவார்கள். நல்லாப் பேசத் தெரிய வேண்டும் என்பதெல்லாம் இல்லை. வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகள், டிராவலர் பிள்ளைகள், ஊனமுள்ள பிள்ளைகள் வர வேண்டும் என்றுதான் அவர்களே தேடுகிறார்கள்.

செல்வம் (கார்க்)

என் மகன் இந்த வருடம் பன்னிரண்டு முடிக்கிறான். படித்துக் காட்டினேன். ஊஞ்சலுக்கு அளவு போட்டவன் யார் என்று கேட்கிறான், அவனோடு பேச வேண்டுமாம். எங்கள் பேட்டையில் இருக்கும் பார்க்கிலும் வீல்சேர் ஊஞ்சல் இல்லை. வாசுகி, அந்தப் படத்தை டீச்சரிடமும் பையன் வீட்டிலும் அனுமதி கேட்டு ஒரு பிரதி அனுப்ப முடியுமா? அளவைக் கவுன்சிலுக்குப் போகும் கடிதத்திலேயே சேர்க்கலாம்.

லிஃபிக்கரை வாசுகி (டப்ளின்)

திங்கட்கிழமை கேட்கிறேன் செல்வம்.